முதுமை மறதிநோய்த் தடுப்பும் பேணுவோர்க்கு உதவியும்: மாநில அரசாங்கங்களின் திட்டங்கள்

இந்திய மக்களின் சராசரி ஆயுட்காலம் நாடு விடுதலையடைந்த காலத்தில் ஏறக்குறைய 32 ஆண்டுகளாக இருந்தது. இன்று அது 70 ஆண்டுகளை எட்டியுள்ளது. அம்மை, காலரா, மலேரியா முதலிய நோய்கள் அடக்கப்பட்டமையாலும், தாய்சேய் நலப்பணி பரவியமையாலும் விளைந்த நன்மை இது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி அறுபது வயதைக் கடந்தோர் ஏறக்குறைய 10 கோடியே 38 இலட்சம் பேர். ஆயினும், நீண்ட ஆயுளோடு முன்னாளில் அரிதாகக் காணப்பட்ட சில நோய்களும் பெருகியுள்ளன. அவற்றுள் குடும்பத்தை மிகவும் வருத்துவது முதுமை மறதிநோய் எனப்படும் டிமென்ஷியா.

அறுபது வயதைக் கடந்த இந்தியர்களுள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறக்குறைய 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர் என்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டுள்ளது. ஆண்களைவிடப் பெண்களிடத்தும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இந்நோய் மிகுதி என்பதும் அவ்வாய்வின் முடிவு. மாநிலத்துக்கு மாநிலம் அளவு வேறுபடுகின்றது. டில்லியில் நூற்றுக்கு 4.5 ஆகவும், ஜம்மு காஷ்மீரில் 11 ஆகவும் அது கணக்கிடப்பட்டது. மருத்துவம் மாநிலங்களின் பொறுப்பில் உள்ள துறையாதலால், சில மாநிலங்கள் எவ்வாறு இப்பணியைத் தொடங்கின என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் பயனுடையது.

நோயின் இயல்பு

மறதி வேறு, மறதிநோய் வேறு. மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்துபோதல் எவர்க்கும் நேர்வது. கண்ணாடி எதற்குப் பயன்படுவது என்பதே மறந்துபோதல் நோயின் அறிகுறி. நாற்பது ஆண்டுகள் சமைத்துப் பழகிய மூதாட்டி ஒரே குழம்பில் இருமுறை உப்பிடுகிறாள். பிறகு அடுப்பை அணைக்காமலே எழுந்து செல்கிறாள். தம் வயலுக்கு நாள்தோறும் நடந்து சென்ற உழவர் ஒருநாள் வீடு திரும்பும் வழி தெரியாமல் நிற்கிறார். கொடுத்த பணத்தை எண்ணத் தடுமாறுதல், சொல் கிடைக்காமல் திகைத்தல், காரணமின்றிச் சந்தேகமும் சினமும் கொள்ளுதல், இரவில் உறங்காது உலவுதல் ஆகியவையும் படிப்படியாகத் தோன்றுகின்றன. இவ்வாறு நினைவு, சிந்தனை, மொழி, நடத்தை ஆகியவை சீர்குலைந்து, அன்றாட வாழ்க்கையைத் தாமே நடத்திக்கொள்ள இயலாத நிலை ஏற்படுவதையே டிமென்ஷியா என்கிறோம்.

டிமென்ஷியா ஒரே நோயன்று; பல நோய்களின் விளைவாகத் தோன்றும் ஒரு நிலை. இவற்றுள் முதன்மையானது ஆல்ஸைமர் நோய். இதனை ஜெர்மன் மருத்துவராகிய ஆலோய்ஸ் ஆல்ஸைமர் 1906ஆம் ஆண்டில் முதன்முதலாக விளக்கினார். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது மற்றொரு வகை. தைராயிடு சுரப்பியின் குறை, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, சில மருந்துகளின் தீய விளைவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவை தக்க சிகிச்சையால் நீங்கக்கூடியவை. ஆதலின், மறதி என்ற உடனே அதனை முதுமையின் இயல்பு என்று ஒதுக்கிவிடுதலும், தீராத நோய் என்று கைவிடுதலும் ஒருங்கே தவறானவை.

தடுப்பு எவ்வளவு இயலும்?

முதுமையையோ பிறப்பினால் வந்த உடற்கூற்றையோ மாற்ற இயலாது. எனினும் மாற்றக்கூடிய காரணங்கள் பல உள. லான்செட் என்னும் மருத்துவ இதழ் அமைத்த அறிஞர் குழு 2017இல் இத்தகைய காரணங்கள் 9 என்றது. 2020இல் 12 என்றது. 2024இல் 14 என்று வரையறுத்தது. இளமையில் போதிய கல்வி பெறாமை, செவிப்புலன் குன்றுதல், பார்வை குன்றுதல், தலையில் அடிபடுதல், இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இரத்தத்தில் தீய கொழுப்பு மிகுதல், உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகைபிடித்தல், மிகுதியான குடி, மனச்சோர்வு, தனிமை, காற்றின் மாசு என்பனவே அவை. இவையனைத்தையும் முற்றும் அகற்ற முடியுமாயின், உலகில் தோன்றும் இந்நோயில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று அக்குழு கணக்கிட்டது.

இக்கணக்கைப் பிழையாகப் பொருள்கொள்ளலாகாது. இது மக்கள் கூட்டம் முழுமைக்கும் உரிய கணக்கு. தனி ஒருவர்க்கு அளிக்கப்படும் உறுதிமொழியன்று. ஒழுங்காக உண்டு, உழைத்து, கற்று வாழ்ந்தவர்க்கும் இந்நோய் வரக்கூடும். ஆதலின், நோயுற்றவரையோ அவர் குடும்பத்தாரையோ குற்றங்கூறும் முறையில் தடுப்புப் பிரசாரம் அமைதல் கூடாது.

மேற்கண்ட பட்டியலில் ஒன்று கவனிக்கத்தக்கது. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகைபிடித்தல் ஆகியவற்றுக்கு எதிரான பணி கிராமச் சுகாதார நிலையங்களில் ஏற்கெனவே நடைபெற்றுவருகிறது. மறதிநோய்த் தடுப்புக்கெனப் புதிதாக ஒரு படையைத் திரட்டவேண்டுவதில்லை. இருக்கும் பணியை முழுமையாகச் செய்தலே தடுப்பின் பெரும்பகுதி.

கேரளத்தின் முயற்சி

2011ஆம் ஆண்டின் கணக்குப்படி கேரள மக்களுள் நூற்றுக்கு 12.6 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். மாநிலங்களுள் இதுவே மிக உயர்ந்த விகிதம். பிள்ளைகள் வெளிநாடுகளில் பணிபுரிய, முதியோர் தனித்து வாழும் வீடுகள் அங்கு மிகுதி. ஆதலின் இப்பிரச்சினை அம்மாநிலத்தில் முன்னதாகவே உணரப்பட்டது. ஆல்ஸைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகளுக்கான இந்தியச் சங்கம் 1992இல் கொச்சியில் தோன்றியது. அச்சங்கம் 2010இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டில் 37 இலட்சம் பேர் இந்நோயுற்றோர் என மதிப்பிட்டு அரசாங்கங்களின் கவனத்தை ஈர்த்தது.

கேரள அரசாங்கத்தின் சமூகநீதித் துறை 2014இல் அச்சங்கத்துடன் இணைந்து மாநில அளவிலான டிமென்ஷியாத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பொதுமக்களுக்கு விழிப்பூட்டல், பணியாளர்க்குப் பயிற்சி, நோயாளரைப் பகற்பொழுதில் பேணும் இல்லம், முழுநேரமும் தங்கவைத்துப் பேணும் இல்லம் ஆகியவை அதன் கூறுகள். பிற்காலத்தில் ஓர்மத்தோணி என்ற பெயரில் மற்றொரு திட்டமும் வகுக்கப்பட்டது. இம்மலையாளப் பெயருக்கு நினைவுத் தோணி என்பது பொருள்.

பகற்பொழுது இல்லத்தின் பயன் இருவகைப்பட்டது. நோயாளர் பாடல், எளிய கைவேலை, உரையாடல் ஆகியவற்றில் ஈடுபடுகின்றனர். அதே நேரத்தில் வீட்டில் பேணுவோர் தம் பணிக்குச் செல்லவும், ஓய்வு கொள்ளவும் முடிகின்றது. இவ்விரண்டாவது பயன் முதலாவதற்குச் சற்றும் குறைந்ததன்று.

கேரளத்தில் இத்திட்டங்களுக்குத் துணைநிற்கும் வேறு ஏற்பாடுகளும் உண்டு. 2008இல் அம்மாநிலம் வலிதணிப்பு மருத்துவத்துக்கு ஒரு கொள்கையை வகுத்தது. அதன் பயனாக ஊராட்சிகளின் ஆதரவில் செவிலியர் படுக்கையிலுள்ள நோயாளரின் இல்லத்துக்கே செல்கின்றனர். வயோமித்ரம் என்னும் திட்டம் நகரங்களில் 65 வயதைக் கடந்தோர்க்கு நடமாடும் மருத்துவ உதவியை அளிக்கின்றது. ஆசுவாசகிரணம் என்னும் திட்டம், தீராநோயுற்றுப் படுக்கையிலிருப்போரையும் இடையறாத கண்காணிப்பு வேண்டுவோரையும் பேணுவதால் வேறு வேலைக்குச் செல்ல இயலாதவர்க்கு மாதந்தோறும் 600 ரூபாய் வழங்குமாறு அமைந்தது. ஒரு குடும்பத்தின் செலவுக்கு இத்தொகை மிகச் சிறிது என்பது வெளிப்படை. எனினும், பேணுதலும் ஓர் உழைப்பே என்று ஓர் அரசாங்கம் ஏற்றுக்கொண்டமை குறிப்பிடத்தக்கது.

கோவாவில் நடந்த சோதனை

வல்லுநர் குறைவாகவுள்ள நாட்டில் பேணுவோர்க்கு உதவுபவர் யார்? இவ்வினாவுக்கு விடைகாணக் கோவாவில் ஒரு சோதனை நடத்தப்பட்டு, அதன் முடிவு 2008இல் வெளியாயிற்று. நோயாளர் உள்ள 81 குடும்பங்கள் அதில் சேர்க்கப்பட்டன. ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு ஆலோசகர் உடனே அனுப்பப்பட்டனர். மற்றவை ஒப்புநோக்குதற்காகப் பின்னர் உதவிபெறுமாறு நிறுத்தப்பட்டன. எவ்வீட்டார் எப்பகுதியில் சேர்வது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது.

இவ்வாலோசகர் மருத்துவரல்லர், அப்பகுதியிலேயே வாழ்ந்து, குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்கள். நோயின் இயல்பை விளக்குதல், நோயாளரின் கடினமான நடத்தையை எதிர்கொள்ளும் வழியைக் கூறுதல், தேவையானபோது மருத்துவரிடம் அனுப்புதல், அரசாங்க உதவிகளைப் பெற வழிகாட்டுதல் ஆகியவையே அவர்கள் பணி. ஆறு மாதங்களுக்குப் பின்னர் ஆராய்ந்தபோது, ஆலோசகர் சென்ற வீடுகளில் பேணுவோரின் மனநலம் மேம்பட்டிருந்தது. நோயாளரின் நடத்தையால் அவர்களுக்கு உண்டாகும் துயரும் குறைந்திருந்தது. நோயாளரின் நிலையில் காணப்பட்ட மாறுதலோ உறுதியாகக் கூறத்தக்க அளவினதன்று. நோய் மாறாவிடினும் பேணுவோரின் துன்பம் குறையக்கூடும் என்பதே இச்சோதனை தரும் பாடம்.

இதற்கு முன்னர் 2002இல் கேரளத்திலிருந்து வெளியான ஆய்வொன்றும் களப்பணியாளர்க்கு ஊக்கமளிப்பது. சில மணி நேரமே பயிற்சி பெற்ற அங்கன்வாடிப் பணியாளர், தம் ஊரில் மறதிநோய் இருக்கக்கூடும் என்று சுட்டிய முதியோருள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர்க்கு அந்நோய் இருப்பதை மனநல மருத்துவர் உறுதிசெய்தார். எஞ்சிய ஒரு பங்கும் கருதத்தக்கதே. களப்பணியாளரின் ஐயம் ஒரு முடிவாகாது. மருத்துவரிடம் செல்லும் வழியாக மட்டுமே அது கொள்ளப்பட வேண்டும்.

கர்நாடகத்தின் மூளைநல நிலையங்கள்

கர்நாடக அரசாங்கம் வேறொரு வழியை மேற்கொண்டது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்துடன் இணைந்து 2022இல் கர்நாடக மூளைநலத் திட்டத்தை அது தொடங்கியது. முதலில் பெங்களூரிலுள்ள ஜெயநகர் பொது மருத்துவமனையிலும், கோலார், சிக்கபல்லாபூர் மாவட்ட மருத்துவமனைகளிலும் மூளைநல நிலையங்கள் அமைந்தன. பின்னர் இத்திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. தலைவலி, கால்கைவலிப்பு, பக்கவாதம், மறதிநோய் ஆகியவற்றை மாவட்ட அளவிலேயே கண்டறிந்து சிகிச்சையளிக்க அங்குள்ள மருத்துவர்க்கு நிம்ஹான்ஸ் பயிற்சியளிக்கின்றது.

இம்முறையில் ஒரு நுண்ணிய பயன் உண்டு. மறதிக்கென்றே ஒரு நிலையம் திறந்தால் அங்கே செல்ல மக்கள் நாணுவர். தலைவலிக்கும் வலிப்புக்கும் செல்லும் வாயில் வழியே மறதியுற்ற முதியவரையும் அழைத்துச் செல்வதில் அத்தகைய நாணத்துக்கு இடமில்லை. ஆயினும், நோயைக் கண்டறிதல் பணியின் பாதியே. நிலையத்திலிருந்து வீடு திரும்பிய நாள் முதல் மீதிப்பாதி தொடங்குகிறது. கேரளத்தின் இல்லங்களும் கோவாவின் ஆலோசகரும் காட்டிய வழி இங்கும் இணையுமாயின் பயன் பெருகும்.

பேணுவோரின் நிலை

இந்தியாவில் மறதிநோயுற்றோரைப் பெரும்பாலும் மனைவி, மருமகள், மகள் ஆகியோரே பேணுகின்றனர். குளிப்பாட்டல், உணவூட்டல், மலசலம் அகற்றல், இரவு முழுதும் காத்தல் ஆகியவை ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. முன்பு மதிப்புடன் வாழ்ந்தவர், தம்மைப் பேணும் மருமகளையே திருடி என்று கூவக்கூடும். நோயின் வேலை இது என்று அறியாத சுற்றத்தார், மருமகள் உணவிடவில்லை என்று பழிதூற்றுவதும் உண்டு. கூலி வேலை இழந்த வருமானமும் மருந்துச் செலவும் குடும்பத்தை நெருக்குகின்றன.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளின் கடமையை வரையறுத்துள்ளது. 2024 அக்டோபர் முதல் 70 வயதைக் கடந்தோர் அனைவர்க்கும், வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் காப்பீடு விரிவுபடுத்தப்பட்டுள்ளது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆயின், சட்டம் கடமையைக் கூறுகிறதேயன்றி அதனை ஆற்றும் முறையைக் கற்பிப்பதில்லை. காப்பீடு மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உதவுகிறதேயன்றி, வீட்டில் பத்தாண்டு நடைபெறும் பேணுதலுக்கு உதவுவதில்லை. இவ்விடைவெளியை நிரப்பவேண்டியது மாநிலத் திட்டங்களின் பணி. அத்திட்டங்கள் வீட்டு வாயிலை அடைவது களப்பணியாளரின் வழியாகவே.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

1. முப்பது வயதைக் கடந்தோர்க்கு ஆஷா பணியாளர் நிரப்பும் சமுதாய மதிப்பீட்டுப் படிவத்தில், முதியோரிடம் கேட்கவேண்டிய வினாக்களும் உள. நெருங்கியவர் பெயரையோ தம் வீட்டு முகவரியையோ மறக்கிறாரா என்பது அவற்றுள் ஒன்று. அதனை விரைந்து நிரப்பிவிடாமல், முதியவரையும் உடன் வாழ்பவரையும் தனித்தனியே கேட்டறிக.

2. எழுத்தறியாதவரை எழுத்து, கணக்கு ஆகியவற்றைக் கொண்டு சோதித்தல் ஆகாது. நாள், பண்டிகை, பயிர்ப்பருவம், உறவுமுறை ஆகியவற்றைப் பற்றி உரையாடுக. எழுத்தறியாத முதியோர்க்கு ஏற்ற மனநிலைச் சோதனை ஒன்று ஹரியானாவிலுள்ள பல்லப்கட் பகுதியில் நடந்த ஆய்வுக்கென 1990ஆம் ஆண்டுகளில் இந்தி மொழியில் உருவாக்கப்பட்டது. பள்ளிப்படிப்பின்மை நோயாகத் தோற்றமளித்தல் கூடாது என்பதே அதன் நோக்கம்.

3. சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ திடீரென அறிவு தடுமாறினால் அது மறதிநோயாக இராது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மருந்தின் தீய விளைவு ஆகியவை காரணமாகலாம். அத்தகையோரை உடனே மருத்துவமனைக்கு அனுப்புக.

4. நோய் உறுதியான வீட்டாருக்கு எளிய முறைகளைக் கற்பிக்க. உணவு, குளியல், உறக்கம் ஆகியவற்றை நாள்தோறும் ஒரே நேரத்தில் அமைத்தல்; நோயாளருடன் வாதிடாது பேச்சை வேறுபுறம் திருப்புதல்; குளியலறையின் உட்தாழ்ப்பாளை நீக்குதல்; இரவில் சிறு விளக்கை எரியவிடுதல்; அடுப்பைப் பயன்படுத்தாத நேரத்தில் எரிவாயு உருளையை மூடிவைத்தல்; முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டை நோயாளரின் ஆடையில் வைத்தல்.

5. செல்லும்போதெல்லாம் பேணுபவரின் உடல்நலத்தையும் உறக்கத்தையும் கேட்டறிக. வாரத்தில் அரைநாளேனும் அவர்க்கு ஓய்வளிக்குமாறு மற்ற உறவினரை வற்புறுத்துக. நாடெங்கும் இயங்கும் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. மூத்த குடிமக்களுக்கான எல்டர்லைன் உதவி எண் 14567. இவ்விரு எண்களையும் ஒவ்வொரு வீட்டிலும் எழுதிவைக்கச் செய்க.

6. உதவி ஏதுமின்றி ஊர் முழுவதையும் சோதித்துப் பெயர்ப்பட்டியல் தயாரிப்பதால் நன்மையில்லை. எவ்வீட்டில் ஐயம் தோன்றுகிறதோ அவ்வீட்டுக்கு மருத்துவர் கிடைக்கும் இடத்தையும், மீண்டும் வரும் நாளையும் கூறிவிட்டு வருதலே முறை.

ஆசிரியர் செய்யத்தக்கவை

தடுப்புப் பணியில் ஆசிரியரின் பங்கு மருத்துவரின் பங்கைவிடச் சிறிதன்று. இளமையிற் பெறும் கல்வி முதுமையில் மூளைக்கு ஒரு சேமிப்பாக உதவுகிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. கிராமத்துப் பெண்களிடம் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதற்கு, அவர்கள் இளமையில் பள்ளி செல்லாமையும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எட்டாம் வகுப்புடன் நின்றுவிடவிருந்த ஒரு சிறுமியை மேற்கொண்டு படிக்கச் செய்யும் ஆசிரியர், அறுபது ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய ஓர் இடரையும் குறைக்கிறார். காதில் சீழ் வடியும் மாணவரைக் காலத்தில் மருத்துவரிடம் அனுப்புவதும், தலைக்கவசத்தின் தேவையை விளக்குவதும் இத்தகைய பணியே.

மேலும், மறதியுற்ற பாட்டனையும் பாட்டியையும் நாள்தோறும் காண்பவர் மாணவரே. ஒரே வினாவைப் பத்துமுறை கேட்பவரை எள்ளி நகையாடாது பத்துமுறையும் விடை கூறுதல் அவர்களுக்குக் கற்பிக்கத்தக்கது. செப்டம்பர் 21 உலக ஆல்ஸைமர் நாளாகும். அந்நாளில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கலாம்.

விவாதத்துக்குரிய வினாக்கள்

1. இயல்பான மறதிக்கும் மறதிநோய்க்கும் உள்ள வேறுபாட்டை உமது ஊர் வழக்கிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகளால் விளக்குக.

2. மாற்றக்கூடிய 14 காரணங்களுள் எவற்றுக்கு எதிரான பணி உமது சுகாதார நிலையத்தில் ஏற்கெனவே நடைபெறுகிறது? எவை விடுபட்டுள்ளன?

3. கேரளம், கோவா, கர்நாடகம் ஆகிய மூன்றிடத்து முறைகளுள் ஒன்றை மட்டும் உமது வட்டாரத்தில் உடனே தொடங்கலாம் எனின் எதனைத் தெரிந்தெடுப்பீர்? காரணம் கூறுக.

4. உமது பகுதியில் மறதிநோயுற்ற ஒருவரைத் தனியே பேணும் பெண்மணி நோய்வாய்ப்பட்டால், அந்நாளில் அவ்விருவரையும் பார்த்துக்கொள்பவர் யார்? இதற்கு விடையில்லையெனின், அவ்விடையை ஏற்படுத்துவதற்கான முதல் மூன்று நடவடிக்கைகளை எழுதுக.